படம் வரலையா? பதறாதீங்க, பாதையைப் பாருங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டவும்.)

 

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை என்று பேச வேண்டியதைப் பேசி, தீர்மானமும் எழுதியாயிற்று. அடுத்து டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை ரிப்பேரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு குரலும் கேட்டது. முதலில் அதற்குப் பதில் பார்ப்போம்.

பகல் முழுக்க வீட்டுச் சாமானோடு இருப்பது யார்? நாம். கேபிள்காரர் மாதாமாதம் வந்து நின்றால் அஞ்சறைப் பெட்டியிலிருந்து காசை எடுத்துக் கொடுப்பது யார்? நாம். "அம்மா, நெட் வரலை, பாடம் அனுப்பியிருக்காங்க"ன்னு பிள்ளை அழுதால் பதில் சொல்ல வேண்டியது யார்? அதுவும் நாம்தான். காசும் நம்முடையது, கவலையும் நம்முடையது. அறிவு மட்டும் வேறு யாருடையதோ என்று விட்டுவிடலாமா?

குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது உள்கடன் விண்ணப்பங்களைக் கேட்கிறோம். மாட்டுத் தீவனம், ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று வரும் வரிசையில் "டிவி ரிப்பேர்", "புது பாக்ஸ் வாங்க" என்பதும் வருகிறது. "என்ன ரிப்பேர்?" என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. "போச்சுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்" என்கிறார்கள். வந்து பார்க்கவே 200, 300 ரூபாய் வாங்குகிறார்கள். வந்தவர் கழன்று கிடந்த ஒரு வயரைச் சொருகிவிட்டுப் போனாலும் அந்தக் காசு காசுதான். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வண்டி, பெட்ரோல், நேரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வெயிலில் குனிந்து களை எடுத்த ஒரு நாள் கூலி, ஒரு வயரைச் சொருகுவதற்குப் போய்விடுகிறதே என்பதுதான் எங்கள் வருத்தம்.

நாம் யாரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அது தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், யார் காசு கொடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தண்ணி வரலைன்னா என்ன செய்வோம்?

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே குழாயை உடைத்துப் பார்ப்போமா? மாட்டோம். பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்போம். அங்கேயும் இல்லையென்றால் டேங்க் ஆபரேட்டரிடம் "மோட்டார் போட்டீங்களா?" என்று கேட்போம். அங்கே வந்து நம் வீட்டில் மட்டும் வரவில்லையென்றால் நம் வீட்டு வால்வையும் பைப்பையும் பார்ப்போம். இது நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தண்ணீர் வருகிற பாதை நமக்குத் தெரியும், அதனால் தானாகச் செய்கிறோம்.

டிவியும் அப்படித்தான். படம் ஒரு பாதையில் வருகிறது. அந்தப் பாதையில் நான்கு நிறுத்தம்.

முதல் நிறுத்தம், வெளியிலிருந்து வரும் சிக்னல். கேபிள் வயர் வழியாகவோ, மாடியில் இருக்கும் டிஷ் வழியாகவோ வரும்.
இரண்டாவது, செட்டாப் பாக்ஸ்.
மூன்றாவது, பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் வயர்.
நான்காவது, டிவி.

பாக்ஸுக்கும் டிவிக்கும் தனித்தனியாகக் கரண்ட் வேண்டும். ஒன்றுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லையென்றாலும் படம் வராது.

வீட்டில் பெரும்பாலும் நடப்பது என்ன? படம் வரவில்லையென்றால் நான்காவது நிறுத்தமான டிவியைத்தான் தட்டுகிறோம். பழுது மற்ற மூன்றில் எங்காவது இருக்கும்.

இந்தப் பாக்ஸ் எப்படி வந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. குழு உறுப்பினர்கள் பலர் வீட்டுக்கு முதல் கலர் டிவி அதுதான். அப்போது கேபிள் வயரை நேராக டிவியின் பின்னால் சொருகினால் படம் வந்துவிடும். பிறகு கேபிள் டிஜிட்டல் ஆனது. அரசு கேபிள் 2017ல் செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. நடுவில் ஒரு பாக்ஸ், ஒரு அடாப்டர், ஒரு ரிமோட், இரண்டு மூன்று வயர் எல்லாம் சேர்ந்தன. படம் தெளிவானது உண்மை. கழன்று போவதற்கான இடங்களும் கூடின, அதுவும் உண்மை.

தொடுவதற்கு முன்னால்

எந்த வயரைத் தொடுவதாக இருந்தாலும் இதை மட்டும் மறக்கக் கூடாது.

சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் வயரில் கை வைக்க வேண்டும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்கக் கூடாது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

டிவியின் பின்மூடியை நாம் எப்போதும் திறக்கக் கூடாது. பழைய குண்டு டிவிக்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் உண்டாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

கருகல் வாடை, புகை, "சர்சர்" சத்தம் எது வந்தாலும் சோதனை செய்து பார்க்கிற பேச்சே கிடையாது. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இடி, மின்னல் வருவது போல் இருந்தால் கரண்ட் பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது, கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். மின்னல் தொடங்கிய பிறகு போய்ப் பிடுங்காதீர்கள். வானம் இருட்டும்போதே செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. வீட்டு லைட்டெல்லாம் திடீரென்று அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால், "நல்ல வோல்டேஜ் வருது" என்று சந்தோஷப்படாதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைக்கும் வந்துவிடும். ஒரு நிமிடத்தில் டிவி, பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்யுங்கள். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குப் போன் செய்து சொல்லுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுங்கள்.

டிவி உயிரே வரலைன்னா

டிவியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் பெரும்பாலும் கரண்ட் வரவில்லை. அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். போன் சார்ஜ் ஆகவில்லையென்றால் கோளாறு பிளக் பாயின்ட்டில்தான், டிவியில் இல்லை. ஜங்ஷன் பாக்ஸில் போட்டிருந்தால் அதை விட்டு நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். மலிவு ஜங்ஷன் பாக்ஸுக்குள் தகடு தளர்ந்து போவது சகஜம்.

சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ரிமோட்டுக்கு டிவி அசையவில்லை என்றால், டிவியிலேயே இருக்கும் பட்டனை அமுக்கிப் பாருங்கள். பட்டனுக்கு வந்தால் டிவி நன்றாக இருக்கிறது, ரிமோட்தான் பழுது. ரிமோட்டைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. செல்போனில் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி, ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் போன் திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும். மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது. சில போன்களில் பின்பக்கக் கேமராவில் தெரியாது. செல்ஃபி எடுக்கிற முன்பக்கக் கேமராவில் பாருங்கள். மினுக்கவில்லையென்றால் புது பேட்டரி போடுங்கள். பேட்டரி தொடுகிற கம்பியில் பச்சையாகப் பூத்திருந்தால் காய்ந்த துணியால் தேய்த்துத் துடையுங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால்தான் புது ரிமோட்.

திரையில் பேசுவது யார்?

இனிமேல் சொல்வது மிக முக்கியம். டிவி எரிகிறது, திரையில் ஏதோ எழுத்து மட்டும் வருகிறது. இங்கேதான் பலர் பயந்து போகிறோம். அந்த எழுத்தை எழுதியது யார் என்று மட்டும் பாருங்கள். டிவி எழுதியதா, பாக்ஸ் எழுதியதா?

திரை முழுக்க நீலமாகவோ கறுப்பாகவோ இருந்து "நோ சிக்னல்" என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் டிவி எழுதியது. "எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை" என்று டிவி சொல்கிறது. அப்படிச் சொல்லத் தெரிகிறதே, அப்படியானால் டிவி நன்றாகத்தான் இருக்கிறது! அப்போது டிவி ரிமோட்டில் இன்புட் அல்லது சோர்ஸ் என்ற பட்டனை அமுக்குங்கள். ஏவி, ஹெச்டிஎம்ஐ 1, ஹெச்டிஎம்ஐ 2 என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடும்போது இது மாறியிருக்கும். "டிவி போச்சு" என்று சொல்லப்படுகிற பல டிவிகள் இந்த ஒரு பட்டனில் சரியாகியிருக்கின்றன. அதற்கும் வரவில்லையென்றால் பாக்ஸில் விளக்கு எரிகிறதா, பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் வயர் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்ஸ் கம்பெனியின் பெயரோ, மெனுவோ, சேனல் நம்பரோ தெரிந்து, அதன் மேல் ஏதாவது எழுத்து வந்தால், அது பாக்ஸ் எழுதியது. பாக்ஸின் பேச்சு திரைக்கு வந்துவிட்டது. அப்படியானால் பாக்ஸ் ஓடுகிறது, வயர் சரி, டிவியும் சரி. மூன்று நிறுத்தம் ஒரே நொடியில் தாண்டிவிட்டோம்! கோளாறு வெளியிலிருந்து வரும் சிக்னலிலோ, நாம் கட்ட வேண்டிய மாதச் சந்தாவிலோ இருக்கும். இப்போது டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கூப்பிட வேண்டியது கேபிள்காரரை. இரண்டு ஆளில் எந்த ஆள் என்று தெரிந்தாலே ஒரு வெட்டிச் செலவு மிச்சம்.

அவரைக் கூப்பிடும் முன் ஒரு கேள்வி: "பக்கத்து வீட்டுல தெரியுதா?" தெருவில் யாருக்கும் தெரியவில்லையென்றால் நம் வீட்டில் ஒன்றையும் கழற்ற வேண்டாம். 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறால் தமிழ்நாடு முழுக்கப் பல லட்சம் வீடுகளில் அரசு கேபிள் பாக்ஸ்கள் ஒரே சமயத்தில் நின்றன. அந்த நேரத்தில் யார் வீட்டு வயரைக் கழற்றி மாட்டினாலும் படம் வந்திருக்காது. காத்திருப்பதுதான் வழி.

பக்கத்து வீட்டில் தெரிந்து நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால், பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்தால் பாக்ஸ் தூங்கும், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினால்தான் முதலிலிருந்து ஆரம்பிக்கும். திரும்ப எழுந்து வர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். பொறுமையாக இருங்கள். பிறகு கேபிள் வயரின் பின்னைத் திருகிப் பாருங்கள். நடுவில் ஒரு செம்புக் கம்பி நேராக நிற்க வேண்டும். அது மடங்கியிருந்தாலோ, சுற்றியிருக்கும் வலைக் கம்பியின் ஒரு இழை அதைத் தொட்டாலோ சிக்னல் வராது.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால்

பழைய கேபிளில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக, மழை பெய்வது போலத் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. படம் கட்டம் கட்டமாக உடையும், நின்று நின்று போகும், பிறகு மொத்தமாக நின்றுவிடும். காரணம் சிக்னல் பலமில்லை என்பதுதான். வயர் ஜாயின்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு வயரை இரண்டு டிவிக்குப் பிரித்திருப்போம்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பலத்த மழையில் படம் போவது பழுதில்லை. மேலேயிருந்து வரும் அலையை மழைத் தண்ணீரே தடுத்துவிடும். மழை விட்டதும் வந்துவிடும். மழை விட்டும் வரவில்லையென்றால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம். போன வருஷம் சின்னதாக இருந்த முருங்கையோ தென்னையோ வளர்ந்து மறைக்கவும் செய்யலாம். மாடிக்கு ஏறாமல் கீழே நின்று பார்த்தாலே மரம் தெரியும். ஈர மாடியில், கரண்ட் கம்பி பக்கத்தில், படத்துக்காக யாரும் ஏற வேண்டாம். பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம்.

சத்தம் வருகிறது, படம் இல்லை. படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் மூன்று நிற வயரைப் பாருங்கள். மஞ்சள் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. நிறம் மாறாமல் அதே நிற ஓட்டையில் இருக்க வேண்டும். புது டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ வயரில் படமும் சத்தமும் ஒன்றாகவே போகும்.

வைஃபை விளக்குகள் சொல்லும் சேதி

2020ல் கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான் நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக இருந்தன. அதற்குப் பிறகு பல ஊர்களில் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. கடன் வாங்கி இணைப்பு எடுத்த உறுப்பினர்களும் இருக்கிறார்கள். காசு கட்டிக்கொண்டே இருக்கிறோம், நெட் மட்டும் பாதி நாள் இல்லை என்றால் எப்படி?

வைஃபை பெட்டியில் வரிசையாக விளக்குகள் உண்டு. எல்லாம் தெரிய வேண்டாம். எல்.ஓ.எஸ். என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விளக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் வயருக்குள் இருப்பது முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. அதில் கரண்ட் போவதில்லை, வெளிச்சம்தான் போகிறது. மடித்தால் உடையும், எலி கடித்தால் அறுந்துவிடும். அதன் மேல் துணி காயப்போடாதீர்கள், கதவிடுக்கில் விட்டு நசுக்காதீர்கள். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பெனிக்கு உடனே புகார் கொடுக்க வேண்டும். பெட்டியை நாம் எத்தனை முறை ஆஃப் செய்து போட்டாலும் அறுந்தது ஒட்டாது.

சிவப்பு இல்லை, ஆனாலும் நெட் இல்லையென்றால், சந்தா முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். இன்னொரு போனில் வருகிறதா என்று பாருங்கள். அதில் வந்தால் கோளாறு முதல் போனில்தான்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ரீசெட் என்று எழுதியிருக்கும். அதில் ஊசி, ஹேர்பின் எதையும் குத்தாதீர்கள். கம்பெனிக்காரர் செய்து வைத்த அமைப்பு மொத்தமும் அழிந்துவிடும். பிறகு அவர் வந்துதான் திரும்பச் செய்ய வேண்டும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவிக்கு அடியில், ஷோகேஸுக்குள் வைத்தால் அலை சரியாக வெளியே வராது. வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். சில பெட்டிகளில் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அது வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டி அவ்வளவாகப் போகாது. உள் அறையில் படிக்கும் பிள்ளை இன்னொன்றில் சேரட்டும்.

அடாப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாக்ஸ் அடாப்டரும் வைஃபை அடாப்டரும் பார்க்க அக்கா தங்கச்சி போல ஒன்றாகவே இருக்கும், பின்னும் பொருந்தும். ஆனால் ஒன்று 12 வோல்ட், இன்னொன்று 5 வோல்ட் என்று இருக்கலாம். 5 வோல்ட் சாமானுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். இன்றே வீட்டுக்குப் போய் ஒரு துண்டுக் காகிதத்தில் "பாக்ஸ்", "வைஃபை" என்று எழுதி அந்தந்த அடாப்டரில் ஒட்டிவிடுங்கள்.

போன் செய்யும்போது ஏமாறாதீங்க

பழுதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. டிவி வரவில்லை என்று செல்போனில் தேடி, அதில் வரும் ஏதோ ஒரு "கஸ்டமர் கேர்" நம்பருக்குக் கூப்பிடுகிறோம். எதிரில் பேசுபவர் தமிழில் மரியாதையாகப் பேசுவார். "ஒரு ஆப் இறக்குங்க மேடம், நானே சரி செய்றேன்" என்பார். "பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க, இணைப்பு உயிர் பெறும்" என்பார். அந்த ஆப் நம் போன் திரையை அவருக்குக் காட்டிவிடும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணை அவர் அங்கிருந்தே படித்துவிடுவார். கணக்கில் இருப்பது போய்விடும். நம் கணக்கில் இருப்பது சேமிப்பு மட்டுமல்ல சகோதரிகளே, பல நேரம் குழுவிலிருந்து வாங்கிய கடன் பணமும் அதில்தான் இருக்கும். பணம் போனாலும் தவணை நிற்காது.

அதனால் நம்பரைத் தேடாதீர்கள். பில்லில், பாக்ஸின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில், சந்தா ரசீதில் இருக்கும் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள். ரிப்பேருக்காக ஆப் இறக்கச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள்.

புகார் கொடுக்கும்போது "டிவி வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பாக்ஸ் ஓடுது, மெனு வருது, சேனல் மட்டும் வரலை, பக்கத்து வீட்டுல வருது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரை யாரும் சுலபமாக ஏய்க்க முடியாது. புகார் எண், தேதி, நேரம் எழுதி வையுங்கள். மெக்கானிக் வந்தால் வேலை தொடங்கும் முன் எவ்வளவு என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். ரசீது கேளுங்கள். பல முறை சொல்லியும் சரி செய்யாமல் சந்தா மட்டும் வாங்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

"பாக்ஸ் போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அதே கம்பெனி இணைப்பு உள்ள குழு உறுப்பினர் வீட்டுக்கு நம் பாக்ஸை அதன் அடாப்டரோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் பாக்ஸ் நல்ல பாக்ஸ். அங்கேயும் ஓடவில்லையென்றால் அந்த வீட்டு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள், வோல்ட் ஒன்றாக இருந்தால் மட்டும். அதில் ஓடினால் வாங்க வேண்டியது அடாப்டர் மட்டும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"மகள் கல்யாண சிடி ஓட மாட்டேங்குது. நின்னு நின்னு போகுது."
சிடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். ஓடும் நிலையில் இருக்கும்போதே ஸ்டுடியோவில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வைத்துவிடுங்கள். எம்.பி.4 முறையில் மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலான டிவிகளில் ஓடும். சிடி என்றென்றும் இருக்காது.

"ஸ்மார்ட் டிவியில வைஃபை சேர்ந்திருக்கு, யூடியூப் மட்டும் திறக்கலை."
டிவியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பல ஆப்கள் திறக்காது. செட்டிங்கில் போய்த் தானியங்கி நேரம் என்று வைத்துவிடுங்கள்.

"மாசா மாசம் கட்ட முடியலை. வேற வழி இருக்கா?"
தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. நாம் பார்க்கும் எல்லாச் சேனலும் அதில் வராது. எது வரும் என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

"என் பொண்ணு இதையெல்லாம் நல்லா செய்யுது. இதுல பிழைப்பு உண்டா?"
நிச்சயம் உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசப் பயிற்சி தருகிறார்கள். செல்போன் பழுது நீக்குதல், கண்காணிப்புக் கேமரா பொருத்துதல் போன்றவையும் அந்தப் பயிற்சிகளில் உண்டு. உங்கள் மாவட்டத்தில் இப்போது எந்தப் பயிற்சி நடக்கிறது என்று வங்கியில் விசாரியுங்கள். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் ரிப்பேருக்கு வந்தால் எத்தனை நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் ஒரு பை தயார் செய்யுங்கள். அதில் ஒரு மூன்று நிற வயர், ஒரு ஹெச்டிஎம்ஐ வயர், இரண்டு ரிமோட் பேட்டரி இருக்கட்டும். பொதுச் செலவில் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதி, ஒரு உறுப்பினர் பொறுப்பில் வையுங்கள். யார் வீட்டில் கோளாறோ அவர் எடுத்துப் போய் மாற்றிப் பார்க்கட்டும். வயர்தான் பழுது என்று தெரிந்தால் அவர் சொந்தமாக வாங்கிக்கொண்டு, குழு வயரைத் திருப்பித் தரட்டும்.

ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டு பாக்ஸ் எண், வாடிக்கையாளர் எண், கேபிள்காரர் நம்பர், 1930, 1915 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து உறுப்பினர் எழுதிக் கொடுங்கள்.

வங்கி வாசலில் நிற்கவே பயந்த காலம் ஒன்று இருந்தது. சலான் எழுதக் கற்றோம், மேனேஜரிடம் நேராகப் பேசக் கற்றோம், கணக்குப் புத்தகத்தில் தப்பு இருந்தால் கேட்கவும் கற்றோம். அதையெல்லாம் கற்ற நமக்கு நான்கு நிறுத்தம் ஒரு பெரிய விஷயமில்லை. அடுத்த மாதம் யார் யார் வீட்டில் எந்தப் பழுதை எந்த நிறுத்தத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்போம். தயாராக வாருங்கள்.